கேரியோடைப் ரிப்போர்ட் கையில் வந்த பிறகு: 45,எக்ஸ் முதல் 48,எக்ஸ்எக்ஸ்ஒய்ஒய் வரை

#1 மருதத்திணை

பாலினக் குரோமோசோம் பற்றிய கேள்விகள் இந்தக் குழுவில் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் சேர்க்கத்தான் இதைத் தொடங்குகிறேன். லேப், ஹார்மோன், குழந்தைப்பேறு, பள்ளி, சட்டம் என அவரவருக்குத் தெரிந்ததை எழுதுங்கள். ரிப்போர்ட்டின் போட்டோவை மட்டும் யாரும் போட வேண்டாம். பெயரும் எண்ணும் அதிலேயே இருக்கும்.

கேரியோடைப் என்பது செல்லில் உள்ள குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனை; வழக்கமாகப் பெண்ணுக்கு 46,எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு 46,எக்ஸ்ஒய். முதலில் எழுத்துமுறை. 47,எக்ஸ்எக்ஸ்ஒய் என்றால் மொத்தக் குரோமோசோம் 47. காற்புள்ளிக்குப் பின்னால் வருவது பாலினக் குரோமோசோம்கள். "மாஸ் 45,எக்ஸ்[6]/46,எக்ஸ்எக்ஸ்[24]" என்று இருந்தால் அது மொசைக்: எண்ணிய 30 செல்களில் 6இல் ஒரு எக்ஸ், மீதி 24இல் இரண்டு எக்ஸ். சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இவை அரிது என்ற எண்ணம் தவறு. எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது கிளைன்ஃபெல்டர், சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு. எக்ஸ்ஒய்ஒய் சுமார் 1000 ஆண்களில் ஒருவருக்கு, எக்ஸ்எக்ஸ்எக்ஸ் சுமார் 1000 பெண்களில் ஒருவருக்கு. 45,எக்ஸ் உள்ளிட்ட டர்னர், உயிருடன் பிறக்கும் பெண் குழந்தைகளில் 2000 முதல் 2500க்கு ஒன்று. எக்ஸ்எக்ஸ்ஒய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாள் முழுக்க அது கண்டுபிடிக்கப்படுவதே இல்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி "அப்போ இது ஆணா, பெண்ணா?" என்பதுதான். அந்தக் கேள்வி குடும்பத்தைத் தவறான பாதையில் இழுத்துக்கொண்டு போகிறது. ஒய் குரோமோசோமும் அதில் எஸ்ஆர்ஒய் மரபணுவும் இருந்தால், கூட எத்தனை எக்ஸ் இருந்தாலும், பொதுவாக விரைதான் உருவாகும். எக்ஸ்எக்ஸ்ஒய் குழந்தை ஆணாகத்தான் பிறக்கிறது. 45,எக்ஸ் குழந்தை பெண்ணாகத்தான் பிறக்கிறது. கேட்க வேண்டியது இதை: இந்த வயதில் எதைப் பரிசோதிக்கணும், எதைத் தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்காது?

#2 செல்வளர்ப்பு

லேப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கேரியோடைப்புக்கு உயிருள்ள செல் வேண்டும். அதனால் ரத்தத்தைப் பச்சை மூடி ட்யூபில், சோடியம் ஹெப்பாரினில் எடுக்கணும். பெரியவர்களுக்கு 3 முதல் 5 மி.லி., கைக்குழந்தைக்கு 1 முதல் 2 மி.லி. போதும். ஊதா மூடி ஈடிடிஏ ட்யூபில் வந்தால் கால்சியம் கட்டப்பட்டுவிடும், செல் சரியாகப் பிரியாது, கல்ச்சர் ஃபெயில் ஆகும். "சாம்பிள் வளரவில்லை, மறுபடி அனுப்புங்கள்" என்று வரும் பதில்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று ஐஸ் பெட்டியில் ஐஸை ஒட்டி வைத்து அனுப்புவது. உறைந்த செல் செத்த செல். அறை வெப்பத்திலேயே 24 முதல் 48 மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். கோடையில் பஸ் பார்சலில் போட்டு நாள் முழுக்க வெயிலில் விட்டாலும் இதே கதிதான்.

வந்த ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு, லிம்போசைட்டைப் பிரியத் தூண்டும் பிஎச்ஏ சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வைக்கிறோம். கடைசி முக்கால் மணி நேரத்தில் கோல்செமிட் சேர்த்தால் பிரியும் செல்கள் பாதி வழியில் நிற்கும். பிறகு 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 15 முதல் 20 நிமிடம் ஊற வைத்து உப்பச் செய்து, மெத்தனால் 3 பங்கு, அசெட்டிக் அமிலம் 1 பங்கு கலவையில் நிலைநிறுத்தி, குளிர்ந்த ஈர ஸ்லைடில் சொட்டு விடுகிறோம். அந்தச் சொட்டு காயும் வேகம்தான் கை நுணுக்கம். ஏசி அறையில் காற்று வறண்டிருந்தால் சீக்கிரம் காய்ந்து குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடும். அளவுக்கு மீறி உப்பிய செல்லோ வெடித்துச் சிதறும். ஒரு குரோமோசோம் பக்கத்தில் எங்கோ போய் விழும். அது எக்ஸாக இருந்துவிட்டால் அந்தச் செல் அச்சு அசல் 45,எக்ஸ் மாதிரியே தெரியும்.

அதனால்தான் ஒரே ஒரு செல்லில் எக்ஸ் குறைந்தால் நாங்கள் நம்புவதில்லை, எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். வழக்கமான எண்ணிக்கை 20 செல். 20 செல்லிலும் ஒன்றே தெரிந்தால், 14 சதவீதத்துக்கு மேல் மொசைக் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 30 செல் எண்ணினால் 10 சதவீதம், 50 எண்ணினால் 6 சதவீதம். ஆகவே "மொசைக் இல்லை" என்பதற்கு எப்போதும் ஓர் எல்லை உண்டு.

#3 பிளஸ்டூ_உயிரியல்

அக்கா, 30 செல் எண்ணணும் என்று டாக்டர் தனியாக எழுதித் தரணுமா, இல்லை லேபே செய்துவிடுமா?

#4 செல்வளர்ப்பு

எழுதினால் நல்லது, சார். ரெக்விசிஷனில் "கேரியோடைப்" என்று மட்டும் இருந்தால் 20தான் எண்ணுவார்கள். "டர்னர் சந்தேகம், மொசைக் பார்க்கவும்" என்று ஒரு வரி இருந்தால் 30க்குப் போவோம். தேவைப்பட்டால் ஃபிஷ் முறையில் எக்ஸுக்கும் ஒய்க்கும் வேறு வேறு நிறத்தில் ஒளிரும் புரோப் போட்டு 200 செல் வரை பார்க்கலாம். இதற்குச் செல் பிரியத் தேவையில்லை, கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்லிலும் செய்யலாம். உருவத்தில் டர்னர் தெளிவாகத் தெரிந்தும் ரத்தத்தில் 46,எக்ஸ்எக்ஸ் என்று வந்தால், கன்னச் செல்லிலோ தோலிலோ பார்க்காமல் விடக் கூடாது.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். வயது கூடக் கூடப் பெண்களின் ரத்தச் செல்களில் ஒரு எக்ஸ் தானாகவே தொலைவது உண்டு, ஆண்களுக்கு ஒய் தொலைவதும் உண்டு. 45 வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 45,எக்ஸ்[2]/46,எக்ஸ்எக்ஸ்[48] என்று வந்தால் அவருக்கு டர்னர் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

#5 நாளமில்லாச்சுரப்பி

ஓர் எக்ஸ் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு ஏன் தாங்குகிறது, ஆனால் ஏன் முழுசாகத் தாங்குவதில்லை? இது புரிந்தால் மற்றதெல்லாம் வரிசையாக விளங்கும்.

1961இல் மேரி லயன் சொன்னது: ஒரு செல்லில் எத்தனை எக்ஸ் இருந்தாலும் ஒன்று மட்டுமே முழுதாக வேலை செய்யும், மற்றவை சுருட்டி மூடப்படும். மூவண்ணப் பூனையின் முதுகைப் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. ஒரு திட்டில் ஓர் எக்ஸ் மூடியிருக்கிறது, பக்கத்துத் திட்டில் மற்றது; அதனால்தான் செம்மஞ்சளும் கறுப்பும் ஒட்டுப்போட்டதுபோல வருகின்றன. இது பெண் பூனையில்தான் வழக்கம். ஆண் பூனையில் அப்படி இருந்தால் பெரும்பாலும் அது எக்ஸ்எக்ஸ்ஒய், குட்டி போட வைக்காது.

ஆனால் மூடப்பட்ட எக்ஸ் முழுக்க மௌனமாவதில்லை. சுமார் 15 சதவீத மரபணுக்கள் தப்பித்துத் தொடர்ந்து வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று, உயரத்துக்கு முக்கியமான ஷாக்ஸ். அது எக்ஸ், ஒய் இரண்டின் நுனியிலும் இருப்பதால் எல்லோருக்கும் இரண்டு பிரதி. டர்னரில் ஒன்றுதான், அதனால் குட்டை. எக்ஸ்எக்ஸ்ஒய், எக்ஸ்ஒய்ஒய், எக்ஸ்எக்ஸ்எக்ஸ் மூன்றிலும் மூன்று பிரதி, அதனால் குடும்ப உயரத்தைத் தாண்டிய நெடிய கால்கள். எக்ஸ் கூடிக்கொண்டே போனால் தப்பித்த மரபணுக்களின் சுமையும் கூடும். 48,எக்ஸ்எக்ஸ்ஒய்ஒய்யில் கை நடுக்கமும் பல் சிக்கலும் பேச்சுத் தாமதமும் எக்ஸ்எக்ஸ்ஒய்யைவிட அதிகம். 49,எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஒய்யில் முன்கை எலும்புகள் இரண்டும் முழங்கையருகே ஒட்டிக்கொண்டு கையைத் திருப்ப முடியாமல்கூடப் போகும். இவற்றை "கிளைன்ஃபெல்டரின் ஒரு வகை" என்று பழைய வழக்கப்படி எழுதிவிட்டு அதே அட்டவணையில் நடத்துவது சரியில்லை.

#6 நாளமில்லாச்சுரப்பி

எக்ஸ்எக்ஸ்ஒய். ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942இல் ஒன்பது ஆண்களை வைத்து விவரித்தார். கூடுதல் எக்ஸ்தான் காரணம் என்று 1959இல் எடின்பரோவில் பாட்ரிசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் காட்டினார்கள். கூடுதல் எக்ஸ் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்பாவிடமிருந்தும் பாதிப் பேருக்கு அம்மாவிடமிருந்தும் வருகிறது. "உன் வயசுதான் காரணம்" என்று தாயைக் குறை சொல்பவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆர்க்கிடோமீட்டர் என்று ஒரு மணிமாலை: நூலில் கோத்த 12 முட்டை வடிவ மணிகள், 1 மி.லி.யில் தொடங்கி 25 மி.லி. வரை. ஒரு கையால் விரையைத் தொட்டு, மறு கையில் எந்த மணி அதே அளவாக இருக்கிறது என்று ஒப்பிடணும். அறை குளிராக இருந்தால் விரை மேலேறிக்கொள்ளும், அளவு குறைவாகத் தோன்றும். வளர்ந்த ஆணுக்கு 15 முதல் 25 மி.லி. இருக்கணும். எக்ஸ்எக்ஸ்ஒய்யில் பருவத் தொடக்கத்தில் 6 மி.லி. வரை வளர்ந்து, உள்ளே விந்துக் குழல்கள் தழும்பாக இறுகி, மறுபடி 4 மி.லி. அளவுக்குச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். மீசை, முடி, ஆண்குறி வளர்ச்சி சாதாரணமாக இருக்கலாம். அதனால்தான் சட்டையைக் கழற்றிப் பார்த்து அனுப்பும் மருத்துவப் பரிசோதனையில் இது தப்பிவிடுகிறது.

10 வயதிலிருந்து ஆறு மாதம் அல்லது ஓர் ஆண்டுக்கு ஒரு முறை விரையைத் தூண்ட மூளை அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களையும், விரை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கலாம். டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தம் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில். மாலையில் எடுத்தால் இயல்பான ஆளுக்கே குறைந்து காட்டும். ஒரு முறை குறைந்தால் வேறொரு நாள் மறுபடி எடுத்துத்தான் முடிவு செய்யணும். குரோமோசோம் எக்ஸ்எக்ஸ்ஒய் என்பதாலேயே ஊசி தொடங்குவதில்லை. அளவு குறைந்தாலோ பருவம் பாதியில் நின்றாலோ தொடங்குகிறோம். சிறுவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் எனான்தேட் மாதம் 50 மி.கி. என்று தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றுவோம். பெரியவர்களுக்கு 250 மி.கி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அல்லது அன்டெகனோயேட் 1000 மி.கி.: முதல் ஊசி, 6 வாரத்தில் இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அன்டெகனோயேட் எண்ணெய் மருந்து. பிட்டத் தசையில் ஆழமாக, இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றணும். வேகமாக ஏற்றினால் எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, காரணம் பார்த்து, அளவைக் குறைக்கணும்.

ஊசியோடு வேலை முடியவில்லை. எலும்பு அடர்த்தி, சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, வைட்டமின் டி இவற்றையும் பார்க்கணும். காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல், அதனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அன்றே டாப்ளர் ஸ்கேன். மார்பில் காம்பை ஒட்டி வட்டமாக, இரண்டு பக்கமும் வருவது பெரும்பாலும் சாதாரண வீக்கம். ஒரு பக்கம் மட்டும் கல்போலக் கட்டி வந்தால் அது வேறு. மற்ற ஆண்களைவிட இவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு.

#7 நுண்ணோக்கி

டாக்டர் எழுதியதோடு ஒன்றைத் தடித்த எழுத்தில் சேர்க்க வேண்டும்: குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு முன்னால் குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் எங்களைப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் மூளையின் எல்எச், எஃப்எஸ்எச் சுரப்பை அணைத்துவிடும், விரைக்குள் மிச்சமிருக்கும் விந்து உற்பத்தியும் நின்றுவிடும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் நிறுத்திவிட்டு வர வேண்டியிருக்கும்.

விந்துப் பரிசோதனையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பூஜ்யம்தான். அப்போதும் கதவு மூடிவிடவில்லை. மைக்ரோ-டீசியில் விரையைத் திறந்து, 15 முதல் 25 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் தேடுகிறோம். இறுகிய குழல்கள் மெல்லிய நார்போல இருக்கும். அவற்றுக்கு நடுவே சற்றுத் தடித்து, வெளுத்து, ஒளி ஊடுருவாத குழல் ஒன்றிரண்டு கண்ணில் படும். அவற்றை மட்டும் எடுத்து, எம்பிரியாலஜிஸ்ட் அங்கேயே பிரித்துப் பார்ப்பார். சுமார் பாதிப் பேருக்கு, 40 முதல் 50 சதவீதம், உயிரணு கிடைக்கிறது. அதை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது இக்ஸி. இப்படிப் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் இயல்பாகவே இருக்கிறது. அறுவைக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் இன்னும் இறங்கலாம், அதனால் ஆறு மாதம், ஓர் ஆண்டில் மறுபடி அளந்து பார்க்கணும்.

#8 பேச்சுக்கலை

ஹார்மோன், விந்தணு என்றே இழை போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் குழந்தைகள் 12 வயதுக்கு முன்னால் பள்ளியில் என்ன பாடுபடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். எக்ஸ்எக்ஸ்ஒய், எக்ஸ்ஒய்ஒய், எக்ஸ்எக்ஸ்எக்ஸ் மூன்றிலும் பேச்சு தாமதமாக வருவது அதிகம். இவர்களுக்குப் புரிவது ஓரளவு சரியாக இருக்கும், சொல்ல வராது. இரண்டு கட்டளையைச் சேர்த்துச் சொன்னால் இரண்டாவது விட்டுப்போகும். வாசிப்பு திணறும். டீச்சர் "சோம்பேறி, மௌனி" என்பார்.

18 மாதத்தில் அர்த்தமுள்ள சொற்கள் வரவில்லை என்றால் காது கேட்கும் சோதனையும் பேச்சு மதிப்பீடும் உடனே. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்று இரண்டு ஆண்டு கழிப்பதுதான் மிகப் பெரிய இழப்பு. பள்ளியில் செய்ய வேண்டியவை சின்னச் சின்னவை: ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, பலகையில் எழுதிக் காட்டுவது, தேர்வில் கூடுதல் நேரம், வாய்மொழிக் கேள்விக்குப் பதில் சொல்ல பத்து விநாடி காத்திருப்பது.

டர்னரில் தலைகீழ். பேச்சும் வாசிப்பும் நன்றாக இருக்கும். கணக்கு, வரைபடம், இடவல உணர்வு, முகபாவனை வாசிப்பது இவை திணறும். நன்றாகப் பேசும் பெண் கணக்கில் மட்டும் ஃபெயில் ஆகிறாள் என்றால் "வேணும்னே படிக்கல" என்று அடிப்பார்கள். தயவுசெய்து அந்தப் பழியை அவள்மேல் போடாதீர்கள்.

#9 நாளமில்லாச்சுரப்பி

ஒப்புக்கொள்கிறேன். வரிசைப்படி பேச்சுதான் முதலில் வந்திருக்கணும்.

டர்னருக்கு வருகிறேன். ஹென்றி டர்னர் விவரித்தது 1938இல். 45,எக்ஸ் கருக்களில் சுமார் 99 சதவீதம் கலைந்துவிடுகின்றன. பிறக்கும் குழந்தை அந்தச் சல்லடையைத் தாண்டி வந்தது. பிறந்தபோது புறங்கையும் புறங்காலும் பன்னுபோல வீங்கியிருந்தால், அழுத்தினாலும் குழி விழாவிட்டால், அதுவே போதுமான தடயம்.

முதலில் இதயம். ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே எக்கோ. பெருந்தமனி வால்வு மூன்று இதழுக்குப் பதில் இரண்டாக இருப்பது 15 முதல் 30 சதவீதம், பெருந்தமனி குறுகியிருப்பது அதற்கடுத்து. கிளினிக்கிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: வலது கையிலும் ஒரு காலிலும் பிபி பாருங்கள். காலில் கையைவிடக் குறைவாக வந்தால், தொடை மடிப்பில் நாடித் துடிப்பு தாமதமாகவோ மெலிந்தோ இருந்தால், குறுக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மயக்க மருந்து இல்லாமல் அசையாமல் படுக்கும் வயது வந்ததும் எம்ஆர்ஐ. எல்லாம் இயல்பு என்று வந்தாலும் சிறுமிகளுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை. அதோடு சிறுநீரக ஸ்கேன் ஒரு முறை, காது 3 ஆண்டுக்கு ஒரு முறை, தைராய்டுக்கு டிஎஸ்எச் 4 வயதிலிருந்து ஆண்டுதோறும், சர்க்கரையும் கல்லீரலும் 10 வயதிலிருந்து ஆண்டுதோறும்.

வளர்ச்சி ஹார்மோன் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கிலோவுக்குத் தினம் 45 முதல் 50 மைக்ரோகிராம். 20 கிலோ குழந்தைக்குத் தினம் 1 மி.கி., அதாவது 3 யூனிட், இரவு தூங்கும் முன் தோலுக்கடியில். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், கதவுப்பக்கத் தட்டில் அல்ல, நடுத்தட்டில். உறைந்துவிட்டால் தூக்கிப்போடுங்கள். பல ஆண்டுகள் போட்டால் கிடைப்பது சராசரி 5 முதல் 8 செ.மீ. 13 வயதில் வந்து "உயரம் வேணும்" என்றால் எலும்பு மூடும் தறுவாயில் இருக்கும்.

ஈஸ்ட்ரஜன் 11 அல்லது 12 வயதில், மிகக் குறைந்த அளவில். தினம் 25 மைக்ரோகிராம் விடும், தோலில் ஒட்டும் பேட்ச் இருந்தால் அதைக் கத்தரிக்கோலால் ஆறில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ வெட்டி ஒட்டுவோம். வெட்டக்கூடியது மருந்து பசையிலேயே கலந்திருக்கும் வகையை மட்டும். திரவப் பை உள்ள பேட்சை வெட்டினால் மருந்து ஒழுகிவிடும். மிச்சத்தை அதன் உறையிலேயே மூடி வைக்கணும். பேட்ச் கிடைக்காவிட்டால் எஸ்ட்ராடியோல் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கலாம். கருத்தடை மாத்திரையைக் கொடுத்துப் பருவத்தைத் தொடங்குவது தவறு: அளவு மிக அதிகம், மார்பு வளர்ச்சி சரியாக அமையாது, எலும்பும் சீக்கிரம் மூடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரியவர்களின் அளவுக்கு ஏற்றி, இரண்டு ஆண்டு கழித்தோ ரத்தக்கசிவு வந்த பின்னோ புரோஜெஸ்டிரோன் சேர்க்கணும்.

தானமுட்டையில் கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள், அதற்கு முன்னால் பெருந்தமனியின் அகலத்தை உடற்பரப்பால் வகுத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 2.0 செ.மீ.க்கு மேல் என்றாலே எச்சரிக்கை, 2.5ஐத் தாண்டினால் கர்ப்பம் கூடாது. பிரசவத்தை ஒட்டிப் பெருந்தமனி கிழிவது உயிரைப் பறித்துவிடும். கருமுட்டை சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இந்த எம்ஆர்ஐ நடந்திருக்கணும்.

#10 வரைவுச்சட்டம்

டர்னர் ரிப்போர்ட்டில் ஒய் இருந்தால் கருமுட்டைப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்களே, தமிழ்நாட்டில் அதற்குத் தடை இல்லையா? 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பு, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் ஆணை: இன்டர்செக்ஸ் (ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்பில் அடங்காமல் பிறக்கும்) குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவை சிகிச்சை கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அந்த ஆணை எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. "புற்றுநோய் வரும்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகும் வழியாக இது ஆகிவிடக் கூடாது.

#11 மருதத்திணை

கவலை நியாயமானது. அதனால்தான் நிலைமைகளைத் தனித்தனியாகப் பிரிக்கணும்.

45,எக்ஸ்/46,எக்ஸ்ஒய் மொசைக் உள்ள டர்னர் பெண்ணின் சுரப்பி பெரும்பாலும் இழைபோன்ற தழும்பு. ஹார்மோன் தராது, ஆனால் கொனடோபிளாஸ்டோமா கட்டி வரும் வாய்ப்பு கணிசம். எடுப்பது உடல் தோற்றத்தை மாற்றுவதற்காக அல்ல. 46,எக்ஸ்ஒய் இருந்தும் விரை உருவாகாமல் பெண்ணாகப் பிறக்கும் ஸ்வையர் நிலையிலும் இதேதான். அங்கே கருப்பை இருக்கும், தானமுட்டையால் தாயாகவும் முடியும், அதனால் கருப்பையைத் தொடவே கூடாது. முழுமையான ஆண்ட்ரஜன் உணர்வின்மை, அதாவது எக்ஸ்ஒய் உள்ள உடம்பு ஆண் ஹார்மோனுக்குச் செவிசாய்க்காமல் பெண்ணாக வளரும் நிலை, முற்றிலும் வேறு. அங்கே விரை வேலை செய்கிறது, அது தரும் டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரஜனாக மாறி மார்பும் எலும்பும் இயல்பாக வளர்கின்றன. பருவத்துக்கு முன் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு. அவசரப்பட்டு எடுத்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. அந்தப் பெண் வளர்ந்து தானே முடிவு செய்யும்வரை காத்திருக்கலாம். வெளியுறுப்பின் தோற்றத்தைச் "சரிசெய்யும்" அறுவைக்கு இவற்றில் எதுவுமே சாக்கு ஆகாது.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது: எந்தச் சுரப்பி, அது ஹார்மோன் தருகிறதா, இந்த வயதில் கட்டி வாய்ப்பு எவ்வளவு, காத்திருந்தால் எதை வைத்துக் கண்காணிப்பீர்கள்? நான்குக்கும் பதில் எழுத்தில் வரட்டும்.

#12 பிளஸ்டூ_உயிரியல்

கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தை வைத்துச் செய்யும் என்ஐபிடி எடுத்து "பாலினக் குரோமோசோம் ஹை ரிஸ்க்" என்று வந்தால்?

#13 மருதத்திணை

அது சல்லடைச் சோதனை, தீர்ப்பு அல்ல. என்ஐபிடி பார்ப்பது நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை, குழந்தையுடையதை அல்ல. அதோடு தாயின் டிஎன்ஏவும் கலந்திருக்கிறது. 45,எக்ஸ் என்று வருவதில் பாதிக்கு மேல் குழந்தையில் உறுதியாவதில்லை. காரணங்கள்: நஞ்சுக்கொடியில் மட்டும் இருக்கும் மொசைக், தொடக்கத்திலேயே கரைந்துபோன இரட்டைக் கரு, தாயின் ரத்தச் செல்களில் வயதால் எக்ஸ் தொலைவது, தாய்க்கே தெரியாமல் இருக்கும் மொசைக் அல்லது எக்ஸ்எக்ஸ்எக்ஸ். ஒரு எக்ஸ் கூடுதல், ஒய் கூடுதல் என்று வருபவை அதைவிட அதிகமாக உறுதியாகின்றன, ஆனாலும் உறுதிப்படுத்தாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

உறுதிப்படுத்த 16 வாரத்தில் அம்னியோ, அதாவது குழந்தையைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது. 11 முதல் 13 வாரத்தில் எடுக்கும் சிவிஎஸ் மறுபடியும் நஞ்சுக்கொடியைத்தான் பார்க்கும், அதே குழப்பம் திரும்பும். ஃபிஷ் முடிவு இரண்டு மூன்று நாளில், கல்ச்சர் இரண்டு மூன்று வாரத்தில். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டப்படி குரோமோசோம் கோளாறு பார்ப்பது அனுமதிக்கப்பட்டது, குழந்தையின் பாலினத்தைத் தெரிவிப்பது குற்றம். பதிவு பெற்ற மையத்தில், படிவம் ஜி-யில் கையெழுத்து வாங்கித்தான் ஊசி போடுவார்கள். கூடவே தாயின் ரத்தத்திலும் ஒரு கேரியோடைப் எடுத்தால் பல குழப்பம் அங்கேயே தீரும்.

#14 வரைவுச்சட்டம்

எக்ஸ்ஒய்ஒய் பற்றி யாரும் தனியாக எழுதவில்லை. "குற்றவாளிக் குரோமோசோம்" என்ற பேச்சு இன்னும் யூடியூபில் ஓடுகிறது.

#15 செல்வளர்ப்பு

அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1965இல் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்தவர்களைச் சோதித்தபோது எக்ஸ்ஒய்ஒய் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. அடைக்கப்பட்டவர்களிடம் மட்டும் தேடினால் அடைக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் தெரியும். 1966இல் சிகாகோவில் எட்டு நர்ஸிங் மாணவிகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக் எக்ஸ்ஒய்ஒய் என்று பத்திரிகைகள் எழுதின. கேரியோடைப் எடுத்துப் பார்த்தபோது அவன் 46,எக்ஸ்ஒய். திருத்தம் வந்தது, யாரும் படிக்கவில்லை. பாடப்புத்தகங்களில்கூட அந்தத் தவறு தங்கிவிட்டது. பிறந்த குழந்தைகளைச் சோதித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டியது வேறு: உயரம் கூடுதல், பேச்சுத் தாமதம், கவனச் சிதறல், சிலருக்குக் கை நடுக்கம். டெஸ்டோஸ்டிரோன் இயல்பு, பெரும்பாலோருக்குக் குழந்தைப்பேறும் இயல்பு. கூடுதல் ஒய் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போதே, செல் பிரியும் இரண்டாம் கட்டத்தில் வந்துவிடுகிறது.

விளையாட்டிலும் இதே குறுக்குப் புத்திதான். 1968 முதல் ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் கன்னச் செல்லில் மூடிய எக்ஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சோதனையில் எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண் "பாஸ்" ஆவான். ஆண்ட்ரஜன் உணர்வே இல்லாத எக்ஸ்ஒய் பெண் ஃபெயில் ஆவாள். ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டின்யோ 1985இல் அப்படித்தான் விலக்கப்பட்டு, 1988இல் திரும்ப அனுமதிக்கப்பட்டார். 1996 அட்லாண்டாவில் எஸ்ஆர்ஒய் மரபணுவைத் தேடியபோது 3387 பேரில் 8 பேருக்கு இருந்தது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். 1999இல் ஒலிம்பிக் கமிட்டி கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. 2025 செப்டம்பரில் உலகத் தடகள அமைப்பு எஸ்ஆர்ஒய் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. அந்த மரபணு இருக்கிறது என்பது உடம்பு அதன் ஹார்மோனைக் கேட்கிறது என்பதைச் சொல்லாது.

#16 பிளஸ்டூ_உயிரியல்

கடைசியாக ஒன்று. ஆண், விந்தணு பூஜ்யம், கேரியோடைப் 46,எக்ஸ்எக்ஸ். லேப் சாம்பிளை மாற்றிவிட்டதா? அவருக்கும் மைக்ரோ-டீசி செய்யலாமா?

#17 நுண்ணோக்கி

சாம்பிள் மாறியதா என்று முதலில் பார்ப்பது சரிதான். புது ரத்தத்தில் ஒருமுறை திரும்ப எடுக்கணும். மறுபடியும் அதுவே வந்தால் இது 46,எக்ஸ்எக்ஸ் ஆண் நிலை, சுமார் 20,000 ஆண்களில் ஒருவருக்கு. பெரும்பாலும் அப்பாவின் விந்தணு உருவானபோது ஒய்யின் நுனியிலிருந்த எஸ்ஆர்ஒய் எக்ஸின் நுனிக்கு ஒட்டிக்கொண்டது. விரை உருவாக அந்த ஒரு மரபணு போதும், அதனால் அவர் ஆண். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்கள்போல நெடியவராக இருக்கமாட்டார், சராசரியைவிடக் குட்டை. ஃபிஷ் செய்தால் எஸ்ஆர்ஒய் ஒளிரும் இடம் தெரிந்துவிடும்.

மைக்ரோ-டீசி மட்டும் வேண்டாம். விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் பகுதிகள் ஒய்யின் நீண்ட கையில் இருப்பவை. அந்த ஒய்யே இவரிடம் இல்லை. எக்ஸ்எக்ஸ்ஒய் ஆணிடம் அவை முழுசாக இருக்கின்றன, அதனால்தான் அங்கே தேடுகிறோம். இங்கே கத்தி வைத்தால் செலவும் தழும்பும்தான் மிச்சம். தானவிந்து, தத்து இரண்டையும் நேராகப் பேசிவிட்டு, டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தால் தாமதிக்காமல் தொடங்கலாம்.

விந்தணு பூஜ்யம் என்று வரும் எவருக்கும் கேரியோடைப்போடு, ஒய்யில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஒய் மைக்ரோடிலீஷன் சோதனையையும் சேர்த்து எழுதுங்கள். அது பிசிஆர், ஊதா மூடி ட்யூப் போதும். கேரியோடைப்புக்கு அக்கா சொன்ன பச்சை மூடி. ஒரே குத்தலில் இரண்டையும் எடுத்துவிடலாம், பச்சையை முதலில் நிரப்புங்கள்.